எந்தப் பக்கத்தில் டாக்டர்

“டாக்டர்தான் கொன்னது” என்று ஒலிந்தா சொன்னதும் ஃபௌஸ்தீனோ கோப்பையைக் கீழே வைத்தார்.

“எந்த டாக்டர்?”

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்கு, எங்கள் ஊர் நூலகத்தில் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்து, அண்மையில் வாசித்ததைப் பற்றிப் பேசுவோம். அன்று பன்னிரண்டாவதாக ஒரு பெண் இருந்தாள். வானொலியில் ஒலிபரப்ப எங்களைப் பதிவு செய்ய எவோரா நகரத்திலிருந்து வந்தவள். அவள் பிடித்திருந்த மைக் ஒலிந்தாவின் முகவாய்க்குக் கீழே இருந்தது.

ஒலிந்தாதான் முதலில் பேச வேண்டும் என்பது நூலகர் தெல்மாவின் ஏற்பாடு. யாரும் வாய்விட்டு ஆட்சேபிக்கவில்லை.

ஒலிந்தாவுக்கு எழுபத்தாறு வயது. ஒன்பது வயதில் தக்கைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். புயலில் சிக்கிய கப்பலைப் பற்றி அவள் சொன்ன அன்று, இரண்டு பேர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். தேனீ வளர்ப்பைப் பற்றிச் சொன்ன மாதம், மருந்துக்கடையை விற்றுவிட்டுச் சும்மா இருந்த ஃபௌஸ்தீனோ இரண்டு தேனீப் பெட்டிகள் வாங்கினார். செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்களின் கதைக்குத் தெல்மா அழுதாள். காதல் கதை, போர் வரலாறு, சமையல் புத்தகம், எதுவானாலும் ஒலிந்தா சொன்ன மறுநாள் காலை அதைக் கேட்டு நூலகத்தில் ஆள் நிற்கும்.

நான் சொன்ன புத்தகங்களைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

இந்த மாதம் துப்பறியும் நாவல். மலைமேல் ஒரு விடுதி. அதன் முதலாளியை யாரோ பாலில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள்.

“ஆறு விரல் டாக்டருங்க. மறந்துட்டீங்களா? அதை மறைக்கத்தானே வெயில்லயும் கையுறை போட்டிருப்பான்” என்றாள் ஒலிந்தா. டாக்டர் டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்ததைக் கையால் காட்டினாள்.

“நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். கொன்னது தம்பி பொண்டாட்டி. இதுல டாக்டரே கிடையாதும்மா.”

யாரோ சிரித்தார்கள். ஃபௌஸ்தீனோ விளையாடுகிறார் என்று நினைத்து ஒலிந்தாவும் சிரித்தாள்.

அவர் நல்ல மனிதர். மனதில் எதுவும் வைத்துக்கொண்டு செய்யவில்லை. மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். “எந்தப் பக்கத்துல வர்றான்னு காட்டுங்க, பாப்போம்.”

ஒலிந்தா புத்தகத்தைத் திறந்தாள்.

தெல்மா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். ஒலிந்தா அதை மாட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் பார்த்தாள். திருப்பினாள். அடுத்த பக்கத்தையும் அதே அளவு நேரம் பார்த்தாள். திருப்பினாள்.

தாள் புரளும் சத்தம் மட்டும்தான். மைக் அதையும் வாங்கிக்கொண்டிருந்தது.

அவள் காது மடல்கள் சிவந்தன. பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டிலிருந்த பாதாம் கேக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

“வயசாயிடுச்சு” என்றாள் எல்லோரிடமும். “வேற எதோடயோ குழப்பிக்கிட்டேன் போல.”

தெல்மா கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நோயாளியின் கையைத் தட்டுவதுபோல அவள் கையைத் தட்டினாள். எதிரில் இருந்தவள் தன் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னாள். இரவுக்குள் ஊர்ச் சதுக்கம் முழுக்க ஒலிந்தாவுக்குப் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டது என்றாகிவிடும்.

மைக் என் பக்கம் திரும்பியது. உப்பு வணிகத்தின் வரலாற்றைப் பற்றி ஏழு நிமிடம் பேசினேன். குரல் நடுங்கவில்லை.

கிளம்பும்போது ஒலிந்தாவுக்குக் கோட்டின் ஒரு கை அகப்படவில்லை. நான் பிடித்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

“அந்த டாக்டரை எங்கேருந்துடி புடிச்சே?”

குரலில் கோபம் இல்லை.

“நல்லாத்தான் இருந்தான்” என்றாள்.

ஒலிந்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அட்டைப் படம் பிடித்துப்போன புத்தகங்களை எடுத்து வருவாள். ஒன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் அவள் சமையலறையில் உட்கார்ந்து அவற்றை வாசித்துக் காட்டியது நான். வானொலியிலிருந்து வருகிறார்கள், ஒலிந்தாதான் முதலில் பேசப்போகிறாள் என்று தெல்மா அறிவித்த வாரம், அந்த விடுதிக்குள் டாக்டரைக் கொண்டுவந்தேன். விரல்கள் மறுவாரம் தோன்றின.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போனேன். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை தட்டினேன். சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

முதல் வருடம், ஒரே ஒரு தடவை, அடுப்பைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டிருக்கிறாள், எழுத்து சொல்லித் தருவியா என்று. இந்த வயசுல எதுக்கு, அதான் நான் இருக்கேனே என்றேன்.

அப்போது நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.