சொந்த உபயோகம்

"சார், டாக்ஸி ஓட்டறீங்களா?"

சர்வீஸ் மேனேஜர் மெதுவாகத்தான் கேட்டார். இருந்தாலும் நூலகருக்குச் சுருக்கென்றது. கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாக 'சத்தம் போடாதீங்க' என்பதைத் தவிர அவர் யாரையும் எதுவும் சொன்னதில்லை. சத்தமில்லாமல் ஓடும் என்பதற்காகவே ஹைபிரிட் கார் வாங்கினார். இன்று காலை அது கல்லூரி வாசலில் சத்தமில்லாமலே படுத்துவிட்டது.

"இல்லைங்க, நான் லைப்ரரியன். ஏன் கேக்கறீங்க?"

"வீட்டுக்கும் காலேஜுக்கும் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர்."

மேனேஜர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார்.

"எங்ககிட்ட ஹைபிரிட் வாங்கினவங்க வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம், மிஞ்சிப்போனா பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓட்டுவாங்க. நீங்க போன வருஷம் மட்டும் முப்பத்தெட்டாயிரம் ஓட்டியிருக்கீங்க. பேட்டரி போயிடுச்சு சார். சொந்த உபயோகம்னா வாரண்டியில மாத்திக் குடுத்துடுவோம். வாடகைக்கு ஓடின வண்டின்னா நீங்கதான் வாங்கிப் போடணும்."

விலையையும் சொன்னார். நூலகர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகளின் மேல்படிப்புக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் முக்கால்வாசி போய்விடும்.

"சத்தியமா வாடகைக்கு ஓட்டலைங்க. யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கினதில்லை."

"அப்புறம் எப்படி சார் இவ்வளவு ஓடும்?"

நூலகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"என் மனைவிக்குச் சொந்தம் ஜாஸ்தி."

மேனேஜர் புரியாமல் பார்த்தார்.

"எல்லாம் இந்த வண்டி வந்த பிறகுதான். 'உங்க வண்டிதான் பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடுமே'ன்னு ஆரம்பிச்சாங்க. முதல்ல மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவரோட தம்பியை ஏர்போர்ட்ல விட்டேன். அப்புறம் ஒண்ணுவிட்ட அத்தை, ரெண்டுவிட்ட பெரியப்பா..."

விட்ட சொந்தமெல்லாம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை விடிந்தால் யாராவது பெட்டியோடு ரயில் நிலைய வாசலில் நிற்பார்கள். அவர்களை ஊர்க்கோடியில் கொண்டுபோய் விட்டுத் திரும்பினால், அடுத்தவர் வேறொரு வாசலில் நிற்பார். வேலை நாட்களில் சாயங்காலமும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துத் தூங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. அதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

யார் எந்த வழியில் சொந்தம் என்பதும் அவருக்குப் பிடிபடவில்லை. மனைவியைக் கேட்டால், "எங்க பக்கம் பெரிய குடும்பம். எனக்கே பாதிப் பேரைத் தெரியாது" என்பாள்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?"

"பொண்ணு எடுத்த இடம். சொல்லிட்டு வீட்டுக்குள்ள போக முடியுமா?"

மேனேஜருக்கும் கல்யாணமாகியிருக்க வேண்டும். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் கிளறவில்லை.

"ஒண்ணு சொல்லணும்ங்க, மரியாதை தெரிஞ்ச மனுஷங்க" என்றார் நூலகர். "எவ்வளவு தூரமானாலும் ஒருத்தர்கூட முன்சீட்டுல உட்கார மாட்டாங்க. மாப்பிள்ளைக்குச் சமமா உட்காரக் கூடாதாம். மச்சினன்தான் சொன்னான்."

மேனேஜர் வாசலைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வண்டியின் முன்மூடியைத் திறந்துவைத்துவிட்டு மெக்கானிக் ஒருவர் இவர்கள் முடிவுக்காகக் காத்திருந்தார்.

"சார், உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, நான் நம்பறேன். ஆனா மேல இருக்கறவங்க நம்பணும். உங்க குடும்பத்துல யாராவது ஒருத்தர், 'ஆமா, சொந்தக்காரங்களுக்காகத்தான் ஓடுது'ன்னு போன்ல சொன்னாப் போதும். நான் பேசிக்கறேன்."

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. இந்நேரம் வகுப்பில் இருப்பாள். நூலகர் மச்சினனின் நம்பரைக் கொடுத்தார்.

"யாரை எங்கேருந்து கூட்டிட்டுப் போகணும்னு எனக்குச் சொல்றதே அவன்தான். ரெண்டு வருஷமா வேலை தேடிக்கிட்டிருக்கான், பாவம். அந்தக் கஷ்டத்துலயும் சொந்தபந்தத்தை விட்டுக்குடுக்க மாட்டான்."

மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். நூலகர் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை அலைச்சலுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆள் இருக்கிறது என்பதே அவருக்குப் பாதிக் களைப்பைத் தீர்த்தது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"வணக்கம். அந்த ஹைபிரிட் கார் சம்பந்தமா பேசணும்..."

"சொல்லுங்க சார், ஏர்போர்ட்டா, வெளியூரா?" மச்சினனின் குரல் உற்சாகமாக வந்தது. "நம்ம ரேட்டு மத்தவங்களை விடப் பாதிதான், பணத்தை மட்டும் முன்கூட்டியே எனக்கு அனுப்பிடணும். டிரைவர் தங்கமான மனுஷன். ஆனா அவர் உங்களை 'வாங்க மாமா'ன்னு கூப்பிடுவாரு, அதைக் கண்டுக்காதீங்க சார். 'சௌக்கியமா மாப்பிள்ளை'ன்னு சொல்லிட்டு ஏறி உட்கார்ந்துடுங்க."