பதினோரு வருஷ வேண்டுதல்

“மெழுகுவத்தி ஏத்தியாச்சாம்மா?”

கோயம்புத்தூர் பந்தயத் திடலிலிருந்து கிளாட்சன் போனில் கேட்டான். அவன் குரலுக்குப் பின்னால் இன்ஜின்கள் உறுமிக்கொண்டிருந்தன.

“எங்கடா ஏத்துறது? நடவு ஆளுங்களுக்கு டீ கொண்டுபோறப்ப வரப்புல வழுக்கி விழுந்துட்டேன். கால்ல மாவுக்கட்டு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்,” என்றாள் அக்னஸ்.

“ஐயையோ! ரொம்ப வலிக்குதா?”

“வலியை விடு. நாளைக்குத்தானே கப்புக்கான கடைசிப் பந்தயம்?”

கிளாட்சனுக்கு டூரிங் கார் பந்தயம்தான் தொழில். பதினோரு வருஷமாக வேறெதுவும் செய்ததில்லை. அந்தக் கார் வெளியே பார்த்தால் ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார் மாதிரியே இருக்கும். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு சீட்டை வைத்திருப்பார்கள். “பொண்டாட்டி உக்கார இடமில்லாத காரு என்ன காரு?” என்பார் அவன் அப்பா குழந்தைராஜ்.

முதல் வருஷம் அக்னஸ் ஒரே ஒரு முறை பந்தயம் பார்க்கப் போனாள். வளைவில் ஒரு கார் இன்னொன்றை உரசி, மூன்று தடவை உருண்டது. உள்ளே இருந்தவன் ஊர்ந்து வெளியே வரும்வரை அது தன் பிள்ளையா, வேறு பிள்ளையா என்று தெரியாமல் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு பிள்ளைதான். அதற்கப்புறம் அவள் திடல் பக்கமே போகவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல் நாள் திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறி, பூண்டி மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, அது பாதி உருகும்வரை முழந்தாளிட்டுவிட்டு வருவாள்.

அப்படியும் கிளாட்சனுக்குத் தேசியக் கோப்பை எட்டவில்லை. நான்கு தடவை இரண்டாம் இடம். ஒரு வருஷம் கடைசிச் சுற்றில் டயர் வெடித்தது. ஒரு வருஷம் கியர் சிக்கிக்கொண்டது. போன வருஷம், பளிச்சென்ற வெயிலில், யாரோ சிந்திவிட்டுப் போன ஆயிலில் இவன் கார் மட்டும் வழுக்கியது.

“உன் மாதா ரெண்டாவது இடத்துக்கு மேல தர மாட்டாங்க போல,” என்று குழந்தைராஜ் கிண்டல் செய்வார்.

“மாதா என்னைக் கைவிட்டதே இல்லைங்க,” என்பாள் அக்னஸ். தோற்று வரும் மகனுக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். இப்படி ஒரு தாயா என்று தெருவே மெச்சும்.

போனோடு கிளாட்சன் இன்ஜின் சத்தத்தைவிட்டுத் தள்ளி வந்தான்.

“இந்தத் தடவையும் கப் வரலைன்னா டீம்ல சீட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. முப்பத்தாறு வயசுல இனி வேற யாரும் எடுக்க மாட்டாங்க. ஊருக்கு வந்து அப்பாகூட வயலைப் பார்க்க வேண்டியதுதான்.” அவன் குரல் இறங்கியது. “நீ மெழுகுவத்தி ஏத்திட்டேன்னு தெரிஞ்சாத்தாம்மா எனக்கு ஸ்டியரிங்ல கை நிக்கும்.”

“பிரின்ஸியை அனுப்புறேன்டா. நீ நிம்மதியா தூங்கு.”

மருமகள் பிரின்ஸி கிளம்பும்போது அக்னஸ் கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டாள். “நீயா எதையும் வேண்டிக்க வேண்டாம்மா. ‘அத்தை அனுப்பினாங்க, வழக்கமானதுதான்’னு சொன்னாப் போதும். மாதாவுக்குத் தெரியும்.”

அந்த விசுவாசத்தைக் கண்டு பிரின்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் பிரின்ஸி போனில் பந்தயத்தை ஓடவிட்டு, தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்தாள். குழந்தைராஜும் பக்கத்து வீட்டுக் கோவிந்தராசுவும் அதன்மேல் கவிழ்ந்துகொண்டார்கள். அக்னஸ் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி ஜெபமாலை உருட்டினாள்.

“அஞ்சாவதா போறான்,” என்றார் குழந்தைராஜ். பிறகு, “மூணு!” பிறகு, “ரெண்டு. வழக்கம்போல ரெண்டு.”

கடைசிச் சுற்று. முன்னால் போன கார் ஒரு வளைவில் கொஞ்சம் அகலமாக ஒதுங்கியது. அந்தச் சந்தில் கிளாட்சன் மூக்கை நுழைத்தான். கதவோடு கதவு உரசிக்கொண்டு இரண்டு கார்களும் பறந்தன. அரை கார் நீளத்தில் கிளாட்சன் முந்தினான்.

குழந்தைராஜ் துண்டைத் தூக்கிப் போட்டு ஆடினார். கோவிந்தராசு பட்டாசு எடுக்க ஓடினார். சற்று நேரத்தில் போன் அடித்தது.

“அம்மா, கப் ஜெயிச்சுட்டேன்! மூணு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுறாங்க. மலேசியா, ஜப்பான்லயெல்லாம் ஓட்டப்போறேன். இதைவிட வேகமான காரும்மா! எல்லாம் உன் மெழுகுவத்தி!”

“சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அக்னஸ் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“ஆனந்தக் கண்ணீர். அழட்டும், விடுங்க,” என்றபடி கோவிந்தராசு குழந்தைராஜை வாசலுக்கு இழுத்துப் போனார். தெருவில் சரம் வெடித்தது.

அக்னஸ் மருமகளின் கையைப் பிடித்து அருகே இழுத்தாள்.

“நேத்து நான் சொன்னபடிதானே சொன்னே?”

பிரின்ஸி வெட்கத்தோடு சிரித்தாள். “அப்படியே சொன்னேன் அத்தை. ஆனா தோத்துட்டு வந்தா அவரு உடைஞ்சு போயிடுவாரேன்னு மனசு கேக்கலை. கூட மூணு மெழுகுவத்தி ஏத்தி, அவரு ஜெயிச்சே ஆகணும்னு நானும் அழுது வேண்டிக்கிட்டேன்.”

அக்னஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கெடுத்தியேடி! ‘அவன் மேல ஒரு கீறல் விழக் கூடாது, ஆனா தோத்துப்போய் வீட்டுக்கு வந்து சேரணும்’னுல்ல பதினோரு வருஷமா நான் மாதாகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்!”