எஸ்தாக்கி ஓடை

கடல் ஊருக்குள் புகுந்து புதிதாக வெட்டிய ஒவ்வோர் ஓடைக்கும், அதில் முதலில் மூழ்கியவரின் பெயரையே வரைபடத்தில் ஏற்றுவார்கள். அப்படி ஓர் ஓடையில் எஸ்தாக்கி விழுந்து காணாமல்போன ஒன்பதாம் நாள், நில அளவையர் படிவத்தோடு அவன் மனைவி ரெஜினாளிடம் வந்தார்.

“பேரு எழுதிட்டா தேடுறத நிறுத்திருவீங்கல்லா சார்?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. இறந்தவர்னு பதிவாகிரும். ஆனா பேர் ஏறாத ஓடைக்குப் பாலம் வராது. பிள்ளைங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகுது.”

ரெஜினாள் படிவத்தை வாங்கினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை தேடும் படகு கரையேறியது. இறங்கியவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்கள். அவர்கள் போனதும், பக்கத்து வீட்டு வள்ளத்தை அவிழ்த்து, அவளே துடுப்புப் போட்டு எஸ்தாக்கி ஓடைக்குள் போனாள்.