மூன்று வருடத்துப் பிசுக்கு

ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் மெட்ராஸ் கமிட்டி அரியலூரில் வந்து இறங்கியதும் பேராசிரியர் உத்திராபதி ஓடிப்போய் வரவேற்றார். அவர்கள் தலையசைத்தால்தான் அவருடைய ஆராய்ச்சி பிழைக்கும்.

கல்லூரிச் சோதனைச்சாலையில், துணி போட்டு மூடியிருந்த கழுவும் தொட்டியைக் காட்டினார்.

“உள்ளே கிருமிங்க கூடிக் கட்டின பிசுக்குக் கோட்டை இருக்கு. மூணு வருஷத்துல பன்னிரண்டு மருந்து ஊத்திட்டேன், அசையலை. இந்தப் புட்டியில இருக்கிறது பெரம்பலூர்த் தயிர்லேர்ந்து எடுத்த கிருமி சுரக்கிற புரதம். கிருமியை வச்சே கிருமியை ஒழிக்கிறேன், பாருங்க!”

துணியின் ஓரத்தைத் தூக்கிப் புட்டியைக் கவிழ்த்தார். பத்து நிமிடம் கழித்துத் துணியை உருவினால், தொட்டி புதுமாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

“பிரமாதம் சார்! நீங்க தொடர்ந்து நடத்துங்க” என்று கைகுலுக்கிவிட்டுக் கமிட்டி ரயிலுக்குக் கிளம்பியது.

கூட்டிப் பெருக்கும் பூங்காவனம் உள்ளே வந்தாள்.

“சார், அந்தப் போர்டைத் திரும்ப மாட்டிடட்டுங்களா?”

“எந்தப் போர்டு?”

“‘ஆராய்ச்சி நடக்கிறது, தொட்டியைத் தேய்க்காதே’ன்னு மூணு வருஷமா தொங்கவிட்டிருந்தீங்களே, அதான். பெரிய மனுசங்க வராங்களேன்னு காலையில அதைக் கழட்டிட்டு, தேங்காநாரால ரெண்டு தேய்ப்புத் தேச்சு மூடி வச்சேன். பிசுக்கெல்லாம் போயிடுச்சு.”

உத்திராபதி வாசலை எட்டிப் பார்த்தார். கமிட்டி போயிருந்தது.

“உடனே மாட்டு தாயி! அடுத்த வருஷம் டெல்லிக்காரங்க வராங்க.”