கூப்பிடு தூரம்

சுவர் அதிர்ந்து, அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பெண்ணுக்கு வரன் சொல்ல வந்த தரகர் திடுக்கிட்டார்.

"என்னங்க சத்தம்?"

"பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டியை அடிக்கிறான்" என்றார் பெண்ணின் அப்பா. "டி.வி.யைச் சத்தமா வைடி!"

அம்மா வைத்தாள். அழுகை அதையும் மீறிக் கேட்டது.

"போய்த் தட்டிக் கேட்கக் கூடாதா, சார்?"

"நமக்கெதுக்குங்க வம்பு? வீட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்குது."

தரகர் போட்டோவை நீட்டினார். "பையன் தங்கம். வீடும் அடுத்த தெருதான். பொண்ணு உங்க கண்ணு முன்னாடியே இருப்பா."

"வேண்டாங்க" என்றாள் அம்மா, முதல் முறையாக வாய் திறந்து. "இவளுக்காவது தூரத்து இடமாப் பாருங்க. கூப்பிட்டா கேட்கணும்னுதான் பெரியவளைப் பக்கத்து வீட்டிலேயே கொடுத்தோம்."

சுவருக்கு அப்பாலிருந்து, "அம்மா!" என்று அலறல் வந்தது.

அவள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.