கித்தேரியான் கோல்ஃப் ஆடப் போகிறார்

"அண்ணாச்சி, இதுக்கு முன்ன நீங்க கோல்ஃப் மட்டையைக் கையில பிடிச்சிருக்கியளா?"

"துடுப்பு பிடிச்சிருக்கேன் தாயி."

நஃபீஸத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மேலப்பாளையம் பஜாரில் டிராவல்ஸ் வைத்த பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஆட்களை அனுப்பியதெல்லாம் மெக்கா உம்ரா யாத்திரைக்கும் துபாய்க்கும்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உவரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, இலங்கையில் கடலோரம் இருக்கிற ஒரு பெரிய ஹோட்டலில் கோல்ஃப் ஆட வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இந்தக் கித்தேரியான். வயது அறுபத்து மூன்று. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி சாலோமி, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரமாக இதே கூத்து. ஆள் விடுவதாக இல்லை.

"ஹோட்டல்காரவ சும்மா யாரையும் புல்லுல கால் வைக்க விட மாட்டாவளாம். ஏதாவது கிளப்புல மெம்பரா இருக்கணும், ஆடத் தெரிஞ்சவருன்னு சர்டிஃபிகேட் வேணும். ரெண்டு தடவை எழுதிக் கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாவ."

கித்தேரியானின் முகம் செத்துவிட்டது. "வேற வழியே இல்லையா?"

"வேற ஹோட்டல் இருக்கு. நுவரெலியா பக்கம் போங்களேன், குளுகுளுன்னு இருக்கும்."

"அந்த ஹோட்டல்தான் வேணும்."

"சரி, ஜனவரியில போவலாம்லா? நவம்பர்ல அங்கன அடைமழை."

"நவம்பர் ரெண்டாம் தேதி காலைல நாங்க ரெண்டு பேரும் அந்தப் புல்லுல நிக்கணும். அரை மணி நேரம் போதும்."

நஃபீஸத்துக்கு எரிச்சல்தான் வந்தது. அரை மணி நேரத்துக்காக விமானம் ஏறுகிற ஆளை அவள் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினால் போன இரண்டு வருஷமும் ஒவ்வொரு தடவை கொழும்பு முத்திரை விழுந்திருந்தது. கையில் காசு புரண்டால் மனுசனுக்கு என்னென்ன கிறுக்கெல்லாம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அங்கன சொந்தக்காரவ யாரும் இருக்காவளா?"

கித்தேரியான் மனைவியைப் பார்த்தார். சாலோமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்கு என்னத்துக்குன்னு மட்டும் கேக்காத தாயி. காரணம் தெரிஞ்சா வாசல்லயே நிப்பாட்டிருவாவ. எப்படியாவது உள்ள விட்டுட்டாப் போதும். ஒன் காலப் பிடிச்சுக் கேக்கேன்."

சொன்னதோடு நிற்காமல் நிஜமாகவே குனிந்தார். நஃபீஸத் பதறி எழுந்து தடுத்தாள். தகப்பன் வயசுக்காரர். ஒரு விளையாட்டுக்காகவா இந்த மனுசர் இப்படி உடைந்துபோகிறார்? புரியவில்லை, ஆனால் மனசு கேட்கவில்லை.

அவர்கள் போனதும் ஹோட்டலின் இணையப் பக்கத்தை ஒன்றுவிடாமல் துழாவினாள். கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. ஆடத் தெரியாதவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. சர்டிஃபிகேட் தேவையில்லை. முதல் நாள் காலையில் பயிற்சியாளரே கூட வந்து பதினெட்டு ஹோலையும், அதாவது பந்தைத் தட்டிப் போடுகிற பதினெட்டு இடத்தையும், நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவார்.

இரண்டு பேருக்கும் இடம் கேட்டு எழுதிவிட்டு, உடனே கித்தேரியானுக்குப் போன் போட்டாள். "பேன்ட் போடணும் அண்ணாச்சி. சாரம் ஆவாது."

"போடுதேன்."

"காலர் வச்ச சட்டை, ஷூ. அக்காவும் ஷூ போடணும்."

"போடுவா."

போன் கை மாறியது. சாலோமியின் குரலை நஃபீஸத் முதல் தடவையாகக் கேட்டாள். "பை கொண்டுபோவ விடுவாவளா தாயி? சின்னப் பைதான்."

"மட்டை வைக்க அவுகளே பெரிய பையாத் தருவாவ அக்கா. கவலைப்படாதிய."

ஒரு வாரத்தில் ஹோட்டலிலிருந்து பதில் வந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து இரண்டு பேரும் வந்துவிட்டார்கள்.

"கெடைச்சிட்டு அண்ணாச்சி. நவம்பர் ரெண்டு, காலைல ஏழு மணி."

சாலோமி சிலுவை போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "நல்லாயிருப்ப தாயி, ஒன் புள்ளைகுட்டியெல்லாம் நல்லாயிருக்கும்" என்று கித்தேரியான் கைகூப்பினார். நஃபீஸத்துக்கே கண் கலங்கியது. உம்ரா போய் வந்தவர்கள்கூட அவளை இப்படி வாழ்த்தியதில்லை.

"ஒரே ஒரு சின்ன விசயம்" என்றாள் உற்சாகம் குறையாமல். "ஏழாம் நம்பர் ஹோல் பக்கம் மட்டும் போவ முடியாதாம். அங்கன குளம் வெட்டுதாவ, போன வாரமே தோண்ட ஆரம்பிச்சிட்டாவளாம். அதனால என்ன, மீதி பதினேழும் நமக்குத்தான்."

ஹோட்டல்காரர்கள் அனுப்பிய படத்தைத் திருப்பிக் காட்டினாள். கடலைப் பார்த்து மூன்று தென்னை. அதன் அடியில் ஒரு ஜேசிபி.

கித்தேரியான் படத்திலிருந்த தென்னைகளின் மேல் விரலை வைத்தார். அழவில்லை.

"கடலுக்குப் போயிப் புயல்ல செத்து அங்கன கரை ஒதுங்குன எம் மவனை அந்த ஊரு வலைக்காரவ இந்த மூணு தென்னைக்கு நடுவுலதான் அடக்கம் பண்ணினாவ. பெறவுதான் ஹோட்டல்காரன் எடத்தை வாங்கிப் புல்லு போட்டான். நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாளைக்கு ஒரு மெழுகுதிரி பொருத்தலாம்னு போனா, விளையாட வாரவியளைத்தான் விடுவோம்னு ரெண்டு தடவையும் கேட்டுல வச்சே வெரட்டிட்டான் தாயி."

சாலோமி நஃபீஸத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தோண்டுன மண்ணை எங்கன கொட்டுதாவன்னு மட்டும் கேட்டுச் சொல்லுதியா?"