மாதேவி கோத்த முந்தானை

“முகம் மூடியே இருக்கட்டும் சார். எனக்குப் புடவையை மட்டும் காட்டுங்க” என்றார் குருபாதப்பா.

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற மகளா என்று அடையாளம் சொல்ல வந்தவர், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாரே! ஆனால் பல நாள் கால்வாய்த் தண்ணீரில் கிடந்த அந்த முகத்தில் அடையாளம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

சவக்கிடங்கு வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான் மகன் ஈரண்ணா. தறியில் உட்காரப் பிடிக்காமல் கல் குவாரிக்கு லாரி ஓட்டப் போனவன். தங்கை மாதேவி வேறு சாதிப் பையனோடு ஓடிப்போன நாளிலிருந்து லாரியையும் விட்டுவிட்டு, ஜீப் சீட்டுக்கு அடியில் அரிவாளோடு ஊர் ஊராக அவளைத் தேடுகிறான். அவளைச் சோலாப்பூரில் பார்த்ததாக நேற்று ஒருவன் சொல்ல, ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டு இவனும் காலையில் கிளம்ப இருந்தான். அதற்குள் போலீஸ் கூப்பிட்டுவிட்டது.

“உங்க இல்கல் ஊர்ல வீட்டுக்கு வீடு தறி. எல்லாப் புடவைக்கும் அதே சிவப்பு முந்தானை” என்றார் இன்ஸ்பெக்டர். “இது உங்க வீட்டுதுதான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“புடவை உடம்புக்கு ஒரு பாவு நூல், முந்தானைக்கு ஒரு பாவு நூல் சார். ரெண்டையும் இழைக்கு இழை கொக்கி மாதிரி கோத்துச் சேக்கணும். எங்க வீட்டுல அது மாதேவி வேலை. சேந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். போன அன்னிக்கு அவ கோத்த மாதுளைக் கலர் பட்டைத்தான் கட்டியிருந்தா.”

இதுவும் மாதுளைக் கலர்தான். ஈரப் புடவையை மேசை மேல் விரித்துப் போட்டார்கள். உடம்பும் முந்தானையும் சேரும் இடத்தைத் தேடி குருபாதப்பா ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல இழுத்தார். விரல் எங்கும் தட்டாமல் போய் முந்தானை நுனியைத் தொட்டது. திரும்பவும் தடவினார். தலையைத் தூக்கி வாசலில் நின்ற மகனைப் பார்த்தார்.

“என்னப்பா, அவதானா? சொல்லித் தொலை. நாத்தம் குடலைப் புடுங்குது” என்றான் ஈரண்ணா வாசலிலிருந்தே.

குருபாதப்பா புடவையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

“மாதேவி கோத்ததுதான்” என்றார். “என் மகதான் சார்.”

ஈரண்ணா வெளியே போய்க் காறித் துப்பினான். “இத்தனை நாளா நாயா அலைஞ்சேன். கடைசியில என் கையில சிக்காமலே போயிட்டாளே!” கூடப் பிறந்தவள் செத்த துக்கம் அந்தப் பாவிக்குத் துளிகூட இல்லை. வேட்டை தப்பிப்போன வருத்தம்தான்.

பிணம் வீட்டுக்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லை. நேரே இடுகாட்டுக்கே கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். தகவல் தெரிந்து தெருவில் தறிகளை நிறுத்திவிட்டு வந்தவர்கள் அங்கே காத்திருந்தார்கள். மாதேவியின் அம்மா நீலவ்வாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தார்கள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எதுவும் பிடிபடாதவளாக அந்தத் துணி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விபூதியும் வில்வமும் போட்டுக் குழியில் இறக்கும் முன்னால், குருபாதப்பா மண்ணில் மண்டியிட்டுப் பிணத்தின் கால் பக்கம் நெற்றியை வைத்தார். “எங்களை மன்னிச்சிரு தாயி... மன்னிச்சிரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

“மக பேரையே எடுக்காம இருந்த மனுஷன். இப்ப உருகி என்ன பிரயோசனம்?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மண் தள்ள ஆரம்பித்தார்கள். ஈரண்ணா ஒரு ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். “சோலாப்பூர்ல இருக்கிற நம்ம ஆளுங்களைத் திரும்பி வரச் சொல்லு. வேலை முடிஞ்சுது. ஆமா, அவளேதான். அப்பாவே பார்த்துச் சொல்லிட்டாரு.”

அப்போதுதான் நீலவ்வா வாயைத் திறந்தாள்.

“மாதேவி நம்ம தோட்டத்துக் கிணத்துல தலைகீழாக் குதிச்சு நீந்துறவ. அவ எப்படிக் கால்வாயில முங்கிச் சாவா?” பிடித்திருந்தவர்களின் கையை உதறினாள். “அது என் பொண்ணா இருக்காது. மண்ணைத் தள்ளாதீங்க! நான் ஒரு தடவை பாக்கணும்!”

மண்வெட்டிகள் நின்றன. ஈரண்ணா சட்டென்று திரும்பினான்.

“என்ன அவ்வா சொல்ற?” அம்மாவை உற்றுப் பார்த்தபடியே போனை மறுபடி காதில் வைத்தான். “டேய், கொஞ்சம் இரு. அவங்களை இப்பக் கிளம்ப வேணாம்னு சொல்லு.”

குருபாதப்பா பாய்ந்து வந்தார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் மனைவியின் கையைக்கூடத் தொடாதவர், அவள் தலையை இழுத்துத் தன் மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அவள் திமிறினாள். அவர் பிடியைத் தளர்த்தவில்லை. ஈரண்ணா குழியைச் சுற்றிக்கொண்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

அவள் காதுக்குள் வாயை வைத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நம்ம மாதேவி உயிரோட இருக்கணும்னா, இவளை மாதேவின்னு சொல்லி அழு!”